கேட்டில் நிற்பவருக்கு ஒரு ஞாயிறு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கொடிநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதியைக் கொடிநாளாக அனுசரித்து வருகிறோம். சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம், உண்டியலில் பணம் போடுகிறோம், அத்துடன் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை உங்களிடம் பணத்தைவிடக் கொஞ்சம் கடினமான ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்று எனக்கு வேண்டும். எதற்கு என்று சொல்கிறேன்.

முதலில், நம் கேட்டில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். ராணுவத்தில் ஒரு சிப்பாய் பெரும்பாலும் நாற்பது வயதைத் தொடும் முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டார்கள். அடுத்த வேலை தேடியாக வேண்டும். தனியார் காவல் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் ஓசூர் சிப்காட் கம்பெனிகளின் வாசலிலும் நம்மைப் போன்ற அபார்ட்மென்ட் வாசலிலும் அவர்களைப் பார்க்கிறோம். நாம் “செக்யூரிட்டி” என்று கூப்பிடுகிறவர், நேற்றுவரை பத்துப் பேரை நடத்திய ஹவில்தாராக இருக்கலாம்.

எல்லா முன்னாள் வீரர்களும் மனம் உடைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் நம்மைவிடத் திடமானவர்கள். ஆனால் சிலருக்கு, எல்லையில் பார்த்தது வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு. தீபாவளி வெடிக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். காரணமில்லாமல் கோபம் வரும், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் உட்கார முடியாது. முதல் உலகப் போரில் இதை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் ‘பி.டி.எஸ்.டி.’ என்ற பெயரில் இதைச் சேர்த்தது.

அந்தப் பெயர் வந்ததற்கும் வீரர்களே ஒரு காரணம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970-ல் நியூயார்க்கில் தாங்களாகவே கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல மருத்துவர்கள் அவர்களுடன் போய் உட்கார்ந்து கேட்டார்கள். ஆஸ்பத்திரி அறையில் வாய் திறக்காதவர், தன்னைப் போலவே போய்வந்த இன்னொருவரிடம் திறந்தார். 1979-ல் அமெரிக்க அரசு, ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெரு அறைகளில் ‘வெட் சென்டர்’ என்ற மையங்களைத் தொடங்கியது. அங்கே ஆலோசனை சொல்பவர்களிலும் பலர் முன்னாள் வீரர்களே.

இதைப் படித்தபோது எனக்கு வங்கிதான் நினைவுக்கு வந்தது. பொதுத்துறை வங்கியில் எழுத்தர் பணியில் 14.5 சதவீதமும், கடைநிலைப் பணியில் 24.5 சதவீதமும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கீடு. அதனால் என் பக்கத்துக் கவுண்டரிலேயே அவர்கள் இருந்தார்கள். மாத முதல் வாரத்தில் பர்கூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கமிருந்து ராணுவ பென்ஷன்தாரர்கள் வருவார்கள். பணம் வாங்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் வெளியே மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று பேச்சு ஓடும். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும்போது கூட்டம் இன்னும் பெரிது.

பிறகு ஏ.டி.எம். வந்தது. 2014-ல் ‘ஜீவன் பிரமாண்’ என்று டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தது. இப்போது ‘ஸ்பர்ஷ்’ வழியாகப் பென்ஷன் நேராகக் கணக்கில் விழுகிறது. எல்லாம் நல்ல வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மரத்தடிக் கூட்டம் போய்விட்டது. அதற்கு மாற்றாக யாரும் எதையும் வைக்கவில்லை.

மற்ற நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏர்ல் ஷாஃபர் என்றொருவர், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றியவர். பால்ய நண்பரை அந்தப் போரில் இழந்தவர். போரை உடம்பிலிருந்து நடந்தே வெளியேற்றப் போகிறேன் என்று 1948-ல் அப்பலாச்சியன் மலைப் பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நான்கு மாதத்தில் நடந்து முடித்தார். அந்தப் பாதையை ஒரே மூச்சாக நடந்ததாக முதலில் பதிவானவர் அவரே. இன்று ‘அவுட்வர்ட் பவுண்ட்’ போன்ற அமைப்புகள் முன்னாள் வீரர்களைச் சிறு குழுவாக மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போகின்றன. சேர்ந்து நடப்பார்கள், சேர்ந்து கூடாரம் அடிப்பார்கள், சேர்ந்து சமைப்பார்கள். யாரும் யாரையும் “மனம் திறந்து பேசு” என்று வற்புறுத்துவதில்லை. எதிரெதிரே நாற்காலி போட்டுக் கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது தானாக வருகிறது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 1999 கார்கில் போரில் வலது காலை இழந்த மேஜர் டி.பி. சிங், செயற்கைக் காலுடன் மாரத்தான் ஓடினார். 2011-ல் ‘தி சேலஞ்சிங் ஒன்ஸ்’ என்று கைகால் இழந்தவர்களுக்கான குழுவைத் தொடங்கினார். புதிதாகக் கால் இழந்தவர், ஏற்கெனவே இழந்து எழுந்து நிற்பவரைப் பார்த்துத் தைரியம் கொள்கிறார்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணில் நடுகற்கள் அதிகம். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவருக்குக் கல் நட்டுக் கும்பிட்ட ஊர் இது. திரும்பி வந்தவருக்கு யாரும் கல் நடுவதில்லை. அவருக்குத் தேவை கல்லும் அல்ல, கூட்டாளிகள்.

இனி என் கோரிக்கை. நம் காவலர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஒருவர் வந்தால்தான் மற்றவர் போகலாம். ஒரே கேட்டில் வருடக்கணக்கில் வேலை செய்தும் இருவரும் சேர்ந்து ஒருவேளை சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, நம் காவலர்களில் முன்னாள் வீரர்கள் அனைவருக்கும் சம்பளத்துடன் ஒரே நாளில் விடுமுறை கொடுப்போம். அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்களில் இருப்பவர்களும் விருப்பப்பட்டால் சேரட்டும். ஒரு வேன் ஏற்பாடு செய்வோம். ராயக்கோட்டை மலை ஏறலாம், முடியாதவர்கள் கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் உட்காரலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடு வேண்டாம். யானை நடமாட்டமும் உண்டு, வனத்துறை அனுமதியும் வேண்டும். வேன், சாப்பாடு, மாற்று ஆள் செலவு எல்லாவற்றையும் பராமரிப்பு நிதியில் தனித் தலைப்பில் எழுதி, கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம். அந்தக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சில நிபந்தனைகள். பொன்னாடை, மைக், குரூப் போட்டோ வேண்டாம். நம்மில் யாரும் கூடப் போக வேண்டாம். அவர்களில் மூத்த ஒருவர் நடத்தட்டும். மது கூடாது. அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும். வர விரும்பாதவரை ஏன் என்று கேட்கக் கூடாது. முக்கியமாக, ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது. ஒருநாள் உல்லாசம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும், அடுத்த தேதி தெரிந்திருந்தால்தான் ஆள் காத்திருப்பார்.

இது வைத்தியத்துக்கு மாற்று அல்ல. தூக்கமே இல்லாமல் தவிப்பவர், உயிரை விட்டுவிடலாமா என்று பேசுபவர் யாராக இருந்தாலும் உடனே மருத்துவ உதவி வேண்டும். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ராணுவத்தினருக்கென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நேரில் காட்ட நிம்ஹான்ஸ் இருக்கிறது. அது இருக்கும் சாலையின் பெயரே ஓசூர் ரோடு. நம் ஊரிலிருந்து நேர் வழி.

கடைசியாக, எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி: அன்றைக்குக் கேட்டை யார் பார்ப்பது? பகலில் ஏஜென்சி ஒரு மாற்று ஆள் தரும். மற்ற இடங்களுக்கு நாம்தான். ஆளுக்கு இரண்டு மணி நேரம். வருகிறவர் பெயரை எழுத வேண்டும், தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறக்க வேண்டும், மோட்டாரை நேரத்துக்கு நிறுத்த வேண்டும். பதிவேடு கிளப்ஹவுஸ் மேசையில் இருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்ட்டில் என் பெயரை எழுதிவிட்டேன். எட்டு மணியிலிருந்து காலியாக இருக்கிறது.