இந்த வாரம் காமிக்ஸ் இல்லை, சாரி மட்டும்

இன்னைக்கு என்னோட சொந்தக் கதையில ஆரம்பிக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் இன்ஸ்டாகிராம்ல வாரம் ஒரு காமிக்ஸ் போட்டுட்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, நாலு கட்டம், ஒரு ஜோக். பதினொரு வாரம் ஒழுங்கா போச்சு. பன்னிரண்டாவது வாரம் வரைஞ்சது எனக்கே பிடிக்கலை. மாத்தி மாத்தி வரைஞ்சு பார்த்தேன். மணி பதினொன்னு ஆயிடுச்சு. கடைசில கறுப்புப் பின்னணியில, "சாரி மக்களே, இந்த வாரம் வரைஞ்சது ரொம்ப மோசம், போட மனசு வரலை"ன்னு எழுதிப் போட்டுட்டேன்.

அந்த சாரிக்கு வந்த லைக், அதுவரைக்கும் நான் போட்ட எந்தக் காமிக்ஸுக்கும் வந்ததில்லை. "ப்ரோ, உங்க நேர்மை பிடிச்சிருக்கு"ன்னு ஒரே பாராட்டு. அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன். அதுக்கப்புறம் காமிக்ஸ் மூணு வந்துச்சு, சாரி அஞ்சு வந்துச்சு. அப்புறம் சாரியும் நின்னு போச்சு.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ரெண்டு அமெரிக்க வெப்காமிக்ஸ்காரங்க ஞாபகத்துக்கு வருவாங்க. ரெண்டு பேரும் 2000-ஆம் வருஷம், ரெண்டு மாச இடைவெளியில ஆரம்பிச்சவங்க.

ஒருத்தர் ஹோவர்ட் டெய்லர். அவரோட 'ஷ்லாக் மெர்சினரி' ஜூன் 12-ஆம் தேதி தொடங்குச்சு. விண்வெளியில சுத்துற ஒரு கூலிப்படையைப் பத்தின காமெடி. அப்போ அவர் நோவெல்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்த்துட்டு இருந்தார். ஆரம்பகாலப் பக்கங்களை எடுத்துப் பாருங்க, கோடு தடுமாறுறது நமக்கே தெரியும். ஆனா தினமும் போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. 2004-ல வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கினார். பதினஞ்சு வருஷம் தாண்டியும் ஒரு நாள் தவறலை. 2020 ஜூலையில கதையை முழுசா முடிச்சுட்டுத்தான் நிறுத்தினார்.

இன்னொருத்தர் ஃப்ரெட் கேலகர். ஆகஸ்ட் 14, 2000-ல நண்பர் ராட்னி காஸ்டனோட சேர்ந்து 'மெகாடோக்கியோ' ஆரம்பிச்சார். திரும்பி வர காசில்லாம டோக்கியோவுல மாட்டிக்கிட்ட ரெண்டு அமெரிக்கப் பசங்களோட கதை. கேலகர் கட்டடக்கலை படிச்சவர். அவரோட மென்மையான பென்சில் கோட்டுக்கே ஒரு ரசிகர் கூட்டம் இருந்துச்சு. திங்கள், புதன், வெள்ளி புதுப் பக்கம் வரணும்னு திட்டம். 2002-ல காஸ்டன் விலகிட்டார். எழுத்து, படம் எல்லாம் கேலகர் தலையில விழுந்துச்சு.

பக்கம் தயாராகாத நாள்ல என்ன நடக்கும்? 'டெட் பிரோ டே'ன்னு ஒரு படம் வரும். பிரோங்கிறது கேலகரோட புனைபெயர். இல்லைன்னா அவரோட எடிட்டர் குச்சி மனுஷங்களை வரைஞ்சு ஒப்பேத்துவார். காமிக்ஸுக்குக் கீழே கேலகர் எழுதுற குறிப்புகள்ல, தன்னோட படம் தனக்கே பிடிக்கலைங்கிற பேச்சு அடிக்கடி வரும். கதையில வர்ற பிரோவும் படம் வரையறவன்தான், அவனுக்கும் தன் மேல சந்தேகம்தான். போகப் போக வாரம் மூணுங்கிறது குறைஞ்சு, பெரிய பெரிய இடைவெளி விழ ஆரம்பிச்சுது.

இதைக் கேட்டுட்டு "டெய்லர் உழைப்பாளி, கேலகர் சோம்பேறி"ன்னு முடிவு கட்டிடாதீங்க. நுணுக்கமா பென்சில்ல வரையற ஒரு பக்கத்துக்கும் சின்ன ஜோக் பட்டைக்கும் ஆகுற நேரம் ஒண்ணு கிடையாது. மெகாடோக்கியோவை டார்க் ஹார்ஸ் மாதிரி பெரிய பதிப்பகம் புத்தகமா போட்டிருக்கு. மோசமான படமா இருந்தா போடுவாங்களா? திறமை இருந்துச்சு, வாசகர்கள் இருந்தாங்க. உள்ளே இருந்த நீதிபதிதான் ஓவர்டைம் பார்த்துட்டு இருந்தார்னு எனக்குத் தோணுது.

டெய்லர்கிட்ட இருந்த வித்தை ரொம்பச் சாதாரணமானது. பஃபர். பல நாளைக்கு உண்டான காமிக்ஸை முன்னாடியே முடிச்சுக் கையிருப்புல வச்சுக்கிறது. காலையில இட்லி வேணும்னா முந்தின நாளே மாவு அரைச்சு வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான். உடம்பு சரியில்லைன்னா உதவும், கரன்ட் போனா உதவும், அது எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு லேட்டா புரிஞ்சது வேற ஒண்ணு. பஃபர் இருந்தா, வரையற நாளும் வெளியாகுற நாளும் வேற வேற ஆயிடுது. வரைஞ்ச சூட்டுல பார்க்கும்போது எனக்குத் தோணுறது, "நான் ஒரு வேஸ்ட்." ரெண்டு வாரம் கழிச்சு அதையே பார்த்தா, "மூணாவது கட்டத்துல கை சரியா வரலை." ரெண்டும் சுயவிமர்சனம்தான். முதல் வகையை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, சாரிதான் போடலாம். ரெண்டாவது வகை வந்தா, உட்கார்ந்து அம்பது கை வரைஞ்சு பழகலாம்.

சரி, அப்போ தவறாம போடுறவங்கதான் நல்லவங்களா? இங்கே அல்லி ப்ராஷைப் பத்திச் சொல்லியே ஆகணும். 'ஹைபர்போலி அண்ட் எ ஹாஃப்' எழுதி வரைஞ்சவங்க. 2011 அக்டோபர்ல தன்னோட டிப்ரஷனைப் பத்தி ஒரு காமிக்ஸ் போட்டாங்க. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் பெரிய அமைதி. 2013 மே மாசம் அதோட ரெண்டாம் பகுதி வந்துச்சு. வாசகர்கள் அவங்களை மறக்கலை, காத்திருந்தாங்க. அந்த ஒன்றரை வருஷத்துல "பஃபர் வச்சுக்கோங்க"ன்னு அவங்ககிட்ட யாராவது அட்வைஸ் பண்ணியிருந்தா, அதைவிட அபத்தம் உண்டா?

அதனால இப்போ நான் என்னையே கேட்டுக்கிற கேள்வி இதுதான்: என்னால வரைய முடியலையா, வரைஞ்சதைக் காட்ட முடியலையா?

வரைய முடியலைன்னா, அது களைப்பா இருக்கலாம், நோயா இருக்கலாம். தூக்கம் வேணும், லீவு வேணும், சில நேரம் டாக்டர் வேணும். அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். "கொஞ்ச நாள் பிரேக்"னு ஒரு வரி போதும். வரைஞ்சு முடிச்சு, காட்டத்தான் கூச்சமா இருக்குன்னா, போட்டுடுங்க. அடுத்த வாரம் அதுக்கு மேல இன்னொண்ணு வந்து உட்கார்ந்துக்கும். டெய்லரோட முதல் வருஷப் பக்கங்கள் மேல ஆயிரக்கணக்கான பக்கங்கள் உட்கார்ந்திருக்கு, யாரும் அதை வச்சு அவரை எடை போடுறதில்லை.

போன மாசம் என் பழைய டேப்லெட்டைத் திறந்தேன். அந்தப் பன்னிரண்டாவது வாரக் காமிக்ஸ் அதுலயே கிடக்குது. நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஜோக் பரவாயில்லை. மூணாவது கட்டத்துல கை கோணலா இருக்கு. அவ்வளவுதான் அதோட மோசம்.

திரும்ப ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. மூணு காமிக்ஸ் கையிருப்புல இருக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை முதல்ல வரப்போறது அந்தக் கோணல் கைதான், திருத்தாம அப்படியே.

உங்க ஃபோல்டர்லயும் இப்படி ஏதாவது கிடந்தா எனக்கு அனுப்புங்க. காமிக்ஸா இருக்கணும்னு இல்லை, பாட்டு, கதை, எதுவா இருந்தாலும் சரி. கூடவே சாரி மட்டும் எழுத வேண்டாம். அடுத்த வாரம் சந்திப்போம்.