தராசு யார் கையில்?
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொலைக்குற்றம் நிரூபணமானால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு சொல்லும் தண்டனை ஒன்றே: மரணம். 18 வயது நிரம்பாதோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் விலக்குண்டு. மற்றெவருக்கும் அதைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. பணத்துக்காகக் கொன்றவனும், பலவாண்டுக் கொடுமை பொறாது கொன்றவளும், கொலையென்று தீர்ந்தபின் அவர் முன் ஒன்றே.

1958இல் பண்டாரநாயக்க அரசாங்கம் இத்தண்டனையை நிறுத்திவைத்தது. 1959 செப்டெம்பரில் அவரே சுடப்பட்டு மாண்டார். அவ்வாண்டே தூக்குமரம் மீண்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! சுட்ட தல்துவே சோமராம 1962இல் தூக்கிலிடப்பட்டார். சூழ்ச்சி செய்தோரெனக் காணப்பட்ட இருவரோ மீட்புச் சட்டத்தின் சொல்லமைப்பினால் உயிர் தப்பினர்.

1976 யூன் மாதத்துக்குப் பின் எவரும் தூக்கிலிடப்பட்டிலர். ஆயினும் நீதிமன்றங்கள் மரணதண்டனை விதித்தே வருகின்றன. குற்றவாளியின் வயதென்ன, வறுமையென்ன, திருந்தினானா என்பனவெல்லாம் பின்னர் சனாதிபதியின் மன்னிப்பிலேதான் நிறுக்கப்படுகின்றன. கண்டிப்புக்கு மனுநீதிச் சோழனை எடுத்துக்காட்டுவோர், அவன் செய்ததெல்லாம் ஊரறியச் செய்தான் என்பதை மறந்துவிடுகின்றனர். நமது சட்டமோ நிறுக்கும் வேலையைத் திறந்த மன்றிலிருந்து மூடிய அறைக்கு அனுப்பிவிட்டது. அதை நீதிபதியிடமே திருப்பிக் கொடுக்கும்படி பாராளுமன்றத்தைக் கேட்போம்.