நெற்றியோடு நெற்றி



மனநலம் பற்றி, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று இந்த நிகழ்வை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த விருப்பத்தை ஒட்டி, என் பணிக்காலம் முழுதும் என்னை விடாத ஒரு கேள்வியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். என்றோ பட்ட அடி ஒன்று மனத்தில் ஆறாமல் கிடக்கிறது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவதால் அது ஆறுமா?

சுனாமிக்கு அடுத்த ஆண்டு கடலோர ஊர் ஒன்றில் மனநலப் பணியாளனாக இருந்தேன். அங்கே ஓர் அம்மா. இரண்டு பிள்ளைகளில் இளையவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. இரவு படுக்கும்போது தன் முந்தானையை மூத்தவனின் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். பையன் புரண்டால் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். விடிய விடிய அதுதான் அவருக்குத் தூக்கம். மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் நிவாரணப் பொருள் கொண்டுவந்தவர்களும் அவரிடம் சொன்னது ஒன்றே: "அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதம்மா, மறந்துடு." எல்லாரும் நல்ல மனத்தோடு சொன்னார்கள். முதல் வாரம் நானும் அதையேதான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மறந்துட்டா அவன் பொறந்ததே இல்லாமப் போயிருமே சார்" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனபோது கிடைத்த பெயர்களில் ஒன்று டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இங்கிலாந்து மருத்துவர், ஆனால் நம் மண்ணை மிதித்தவர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து, தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் அவர்களின் குடிவழிகளையும் எருமைச் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர். 1906இல் 'தோடர்கள்' என்ற பெருநூலாக அது வெளிவந்தது. தோடர் இழவுச் சடங்கைப் பற்றி அவர் பதிவுசெய்தவற்றில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, நெற்றியோடு நெற்றியை வைத்து அழுவார்கள். ஒருவர் ஓய்ந்தால் வேறொருவர் வந்து நெற்றியைக் கொடுப்பார். இறந்தவருக்கு இறுதிச் சடங்கும் ஒருமுறையோடு முடிவதில்லை. உடலை எரித்த பின் முடிக்கற்றையும் மண்டையோட்டுத் துண்டும் எடுத்துவைக்கப்படும். காலம் கழித்து, அவற்றுக்கென்று இரண்டாவது சடங்கு நடக்கும். நம் ஊர் இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதையும், பதினாறாம் நாளையும், ஆண்டுத் திவசத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அழுகைக்கு ஒரு துணை, அழுகைக்கு ஒரு நாள். இரண்டையும் சமூகமே ஏற்பாடு செய்து கொடுத்தது.

ரிவர்ஸ் தம் வைத்தியத்தைத் தோடர்களிடம் கற்றார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் பிறர் சொல்வதை அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

முதல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் உடலில் காயமின்றி நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள், இரவில் அலறினார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ உலகில் பரவியது. இவர்களைக் கோழைகள் என்றே பலர் நினைத்தார்கள். கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காக 306 பிரிட்டிஷ் பேரரசுப் படை வீரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது 2006இல்! லண்டனில் லூயிஸ் யீலண்டு என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் இருந்த ரிவர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அங்கே வந்தவர்கள் அதிகாரிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிமட்டச் சிப்பாய்க்கு அந்த நாற்காலி எளிதில் கிடைக்கவில்லை.

1917 டிசம்பரில் ரிவர்ஸ் லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் அது வந்தது. போர் நினைவுகளை அமுக்கிவைப்பதைப் பற்றிய அந்த உரையில் ஓர் இளம் அதிகாரி வருகிறார். காணாமல் போன நண்பனைத் தேடிப் போய், அவன் உடல் தலை வேறு, கைகால் வேறாகச் சிதறிக் கிடந்ததைக் கண்டவர். அன்றிலிருந்து கனவில் அந்த நண்பன் வருகிறான். சில இரவுகளில் சிதைந்த உடலோடு; சில இரவுகளில் இன்னும் கொடூரமாக, தொழுநோய் அரித்த முகத்தோடு. நெருங்கி நெருங்கி வருவான். இவர் வியர்த்து விறுவிறுத்து விழித்துக்கொள்வார். இரவை நினைத்தே பகலெல்லாம் அஞ்சுவார். போரைப் பற்றிய நினைப்பையே ஒதுக்கிவிடு என்பதுதான் அவருக்கு அதுவரை கிடைத்த அறிவுரை.

ரிவர்ஸ் அந்த உடலை மறக்கச் சொல்லவில்லை. அதையே மறுபடி பார்க்கச் சொன்னார். அப்படிச் சிதறிப் போயிருந்தால் உயிர் அந்தக் கணமே போயிருக்கும். குற்றுயிராய்க் கிடந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும் கொடுமை உங்கள் நண்பருக்கு நேரவில்லை என்று எடுத்துச் சொன்னார். அது தமக்குத் தோன்றவே இல்லை என்றார் அந்த அதிகாரி. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. அதே போர்க்களம், அதே உடல். உண்மையில் செய்ததைப் போலவே கனவிலும் மண்டியிட்டு, வீட்டாரிடம் கொடுப்பதற்காக நண்பனின் உடைமைகளை எடுக்கிறார். இடைவாரைக் கழற்றும்போது விழிப்பு வந்துவிடுகிறது. அலறல் இல்லை. மெல்ல அழுதுகொண்டிருந்தார். நண்பனை இழந்த துக்கம் மட்டும் இருந்தது. பின்னொரு கனவில் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

திகில் துக்கமாக மாறியது. உளவியல் சிகிச்சை என்ன செய்கிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தக் கனவைத்தான் சொல்வேன். நினைவு அழியவில்லை. துரத்திக்கொண்டிருந்த ஒன்று, நடந்து முடிந்த ஒன்றாக ஆனது. அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவில் ஒரு மனிதனின் தூக்கம் திரும்புகிறது.

பின்னால் வந்த முறைகள் பல. 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை ஒரு நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலை அதற்கு முக்கியக் காரணம். அதன்பின் வளர்ந்த சிகிச்சைகளில் எனக்கு மிக நெருக்கமானது, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள் உருவாக்கிய கதைசொல்லும் முறை. தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அது வந்தவருடைய ஆயுள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறந்த நாளிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அமர்விலும் கதையை நகர்த்திப் போவார்கள். கல் வரும் இடத்தில் நின்று, அப்போது என்ன பார்த்தாய், என்ன வாடை வந்தது, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது சொல்லும்போது எப்படி அடிக்கிறது என்று கேட்பார்கள். கேட்டதை எழுதிவைத்து அடுத்த முறை வாசித்துக் காட்டுவார்கள். கடைசியில் அந்தக் கதை அவர் கைக்கே போகும்.

இந்த முறை தமிழ் நிலத்திலும் பரிசோதிக்கப்பட்டது. சுனாமிக்குப் பிறகு, போரையும் கண்டிருந்த வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில் 31 பிள்ளைகள். பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக்குக் கதைசொல்லல், மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாவதில் 71 பேரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுமே பலன் தந்தன. சிகிச்சை பெறாத மூன்றாவது குழு இல்லாததால், காலம் ஆற்றியது எவ்வளவு என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பிள்ளையின் மொழியில், அந்தப் பிள்ளையின் ஊரிலேயே, ஆறு முறை தவறாமல் வந்து எதிரே உட்கார ஓர் ஆள் இருந்தார்.

கயிறும் கல்லும் பூவும் கிடைத்தால் நாமே செய்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆறாத புண்ணைக் கீறத் தெரிந்தவருக்கு மூடவும் தெரிந்திருக்க வேண்டும். விபத்து நடந்தவுடன் எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டச் செய்யும் வழக்கம் ஒருகாலத்தில் உலகெங்கும் இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் அதனால் நன்மை இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று தெரிந்தது. முதல் நாட்களில் வேண்டியவை சோறு, பாதுகாப்பு, உறவினர் முகம், உண்மையான தகவல். பெரும்பாலோர் அவற்றாலேயே தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்குத்தான் சிகிச்சை. சதா அதையே கிளறிக்கொண்டிருப்பதும் கேடு என்று ரிவர்ஸே சொல்லியிருக்கிறார்.

சிகிச்சை தொடங்கியதும் வலி கூடுவதும் உண்டு. 'கவுன்சலிங் போனதிலேர்ந்து இன்னும் அதிகமா அழுவுறா, நிறுத்திடலாமா' என்று கேட்கும் வீட்டாருக்கு ரிவர்ஸின் வேறொரு சோதனையைச் சொல்வேன். 1903இல் அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் தம் இடது முன்கையின் நரம்பை அறுத்துத் தைக்கச் செய்தார். உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று இருவரும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள். முதலில் திரும்பியது முரட்டு வலி; எங்கே படுகிறது என்றுகூடச் சொல்ல முடியாத வலி. மெல்லிய தொடுகையை அறியும் உணர்வு வெகுநாள் கழித்தே வந்தது. மனத்துக்கும் அப்படித்தான் என்பது என் உவமை, விஞ்ஞானம் அன்று. ஆனாலும் பல வீடுகளில் அது உதவியிருக்கிறது.

முந்தானையை முடிந்துகொண்ட அம்மாவிடம் நான் திரும்பப் போனேன். மறப்பதைப் பற்றிப் பேசவில்லை. "சின்னவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். பொரித்த நெத்திலி என்றார். அன்று முக்கால் மணி நேரம் அவனைப் பற்றியே பேசினார், நடுவில் ஒருமுறை சிரித்தார். கடல் வந்த காலையைப் பற்றிச் சொல்ல மேலும் ஏழு வாரம் ஆயிற்று. முந்தானை முடிச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பையனே வந்து, "அம்மா இப்ப நல்லாத் தூங்குது சார்" என்றான்.

சிகிச்சை எட்டாத இடமும் உண்டு. குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, பல நாளான ஒரு பிணத்தின் மேல் முகம் புதைய விழுந்த வேறோர் அதிகாரியை ரிவர்ஸ் அதே உரையில் சொல்கிறார். அந்த அனுபவத்தில் பற்றிக்கொள்ள ஆறுதலான கோணம் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. அந்த மனிதர் படையை விட்டு, முன்பு தமக்கு நிம்மதி தந்த நாட்டுப்புற வாழ்க்கைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தோல்வியை மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மைக்காகவே ரிவர்ஸை நான் மதிக்கிறேன்.

முதல் அதிகாரியை ஆற்றியது வெறும் இதமான சொல் அன்று. நண்பன் அந்தக் கணமே இறந்தான் என்ற ஓர் உண்மை. உடலைக் கண்ணால் கண்டிருந்ததால் அந்த உண்மை அவருக்கு வாய்த்தது. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. போர் ஒரு தனி மனத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதிவந்திருக்கிறார். அந்த மண்ணில், போரில் காணாமல்போன தம் பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். திவசம் கொடுக்க முடியாது. கொடுத்தால் பிள்ளையைத் தானே சாகடித்ததாக ஆகிவிடும். அவர்களுக்கு எந்த உளவளத்துணையாளரும் ஈடுசெய்ய முடியாத மருந்து ஒன்று தேவை. அது ஒரு பதில். அதைக் கேட்டு 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் அவர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அன்று உட்கார்ந்த பெற்றோரில் பலர் அந்தப் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.