அம்மாவின் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘எரிசக்தித் துறையில் வேலைவாய்ப்புகள்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்துத்தான் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வேலைவாய்ப்பைப் பற்றி எனக்குப் பின்னால் பேசப் போகிறவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் ஒரு விறகு அடுப்பைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, சுருக்கமாப் பேசுப்பா” என்றார்.

நான் பாய்லர் தொழிலில் இருக்கிறேன். பெரிய அனல் மின் நிலையங்களில் 275 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி நிற்கிறதே, அதன் அடியில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் எனக்குச் சம்பளம். ஆனால் சிவகங்கைச் சீமையில் எங்கள் வீட்டு அடுப்படியில், நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியும், புகை போக ஓட்டு இடுக்கைத் தவிர வேறு வழி இல்லை.

இது எனக்கு உறைத்தது மதுரையில் ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது. அம்மாவுக்கு இருமல் விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்டார்: “வீட்ல யாராவது பீடி, சிகரெட் பிடிப்பாங்களா? அம்மாவுக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டா?” அம்மா சிரித்துவிட்டார்கள். “அப்போ விறகு அடுப்புதான்” என்றார் அவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாற்பது வருஷப் புகை. கெட்டுப்போன பகுதி திரும்ப வராது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கேஸ் இல்லாமல் இல்லை. இருக்கிறது. காபிக்கும் அவசரத்துக்கும் கேஸ். சோறு வடிக்க, வெந்நீர் வைக்க, நெல் அவிக்க விறகு. சிலிண்டர் விலை 2023இல் சென்னையிலேயே 1100 ரூபாயைத் தாண்டி நின்றதைப் பார்த்தோம். சீமைக் கருவேல் விறகோ எங்கள் பக்கம் வேலியிலேயே கிடைக்கிறது. “நீ மாசாமாசம் பணம் அனுப்புறே, சரிதான். ஆனா வெந்நிக்கு யாராவது கேஸைக் கொளுத்துவாங்களாடா?” என்பது அம்மாவின் கட்சி. மூன்று மாதம் சண்டை போட்டுப் பார்த்தேன். அப்புறம் தோற்றேன். சரி, அடுப்பு இருக்கட்டும், புகையை மட்டும் வெளியே அனுப்புவோம் என்று முடிவு செய்தேன்.

புகையில்லா அடுப்பு ஒன்றும் புதுச் சங்கதி அல்ல. ஹைதராபாதில் எஸ்.பி. ராஜு 1953இலேயே இதற்காக ஒரு நூல் எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ‘ஆஸ்ட்ரா ஒலெ’ என்று மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பை உருவாக்கினார்கள். கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. நம் உலைக்குச் சொந்தக்காரச் சொல் மாதிரிதான் தெரிகிறது. மத்திய அரசின் தேசியத் திட்டம் 1983இல் தொடங்கி 2002 வரை நடந்தது. எங்கள் வீட்டிலும் நான் சின்னப் பையனாக இருந்தபோது யாரோ வந்து ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷத்தில் அடைத்துக்கொண்டது. அப்பா அதைக் கழற்றி வாய்க்காலிலிருந்து முருங்கைக்குத் தண்ணீர் போகப் போட்டுவிட்டார். முருங்கை நன்றாகக் காய்த்தது.

ஆக, ஒரு பொங்கல் விடுமுறையில் நானே இறங்கினேன். கம்ப்யூட்டரில் படம் வரைந்து, அச்செடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கட்டிரலாம் சார்” என்றார். செங்கல், களிமண், அடியில் நாலு கம்பியில் ஒரு சாம்பல் தட்டு, பின்னால் இரண்டாவது பாத்திரத்துக்கு ஒரு வாய், அதற்கும் பின்னால் 4 அங்குல இரும்புக் குழாய். குழாய் அடுப்படியை ஒட்டிய பனையோலைச் சாய்ப்பைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அன்றைக்கு அடுப்பு அழகாக இழுத்தது. பெருமையோடு ஊருக்குக் கிளம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன். சாய்ப்பு ஓலை கனன்றுகொண்டிருந்திருக்கிறது. தீ எழும்பவில்லை, உள்ளுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தது. படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள்தான், “என்னமோ ஓலை தீயுற வாடை அடிக்குதுப்பா” என்று சொல்லியிருக்கிறாள். நாலு குடம் தண்ணீரில் அணைந்தது. அதே சாய்ப்புக்குக் கீழேதான் கயிற்றுக் கட்டிலில் அம்மா படுப்பது. அந்தப் பிள்ளை அன்றைக்குச் சீக்கிரம் தூங்கப் போயிருந்தால்? அந்தக் கேள்வியோடு நான் பல இரவு விழித்திருக்கிறேன். என் சொந்தப் படத்தில், என் சொந்தக் கையால் வந்த தவறு அது.

என்ன தவறு? குழாய்க்கும் ஓலைக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி 2 அங்குலம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 18 அங்குலமாவது வேண்டும் என்பது அமெரிக்காவில் விறகு அடுப்புக்கு வைத்திருக்கும் விதி. முதல் நாள் பற்றாததால் என்றைக்கும் பற்றாது என்று நினைக்கக் கூடாது. மரமோ ஓலையோ, தினம் தினம் சூடு பட்டுக் கருகக் கருக, புதிதாக இருந்தபோது பற்றுவதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இரண்டு மாதம் அது எனக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு தவறும் இருந்தது. அம்மா சொல்லித்தான் தெரியும்: ஆடிக்காற்று மாதிரி கொஞ்சம் காற்றடித்தாலே புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வருகிறதாம். குழாயை ஓட்டு முகட்டுக்குக் கீழேயே நிறுத்தியிருந்தேன். முகட்டைத் தாண்டி வரும் காற்று சுழன்று கீழே அமுக்குமா, அமுக்காதா?

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. வெளியே 30 டிகிரிக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. குழாயில் 150 டிகிரிப் புகை ஏறக்குறைய 0.83 கிலோ. வித்தியாசம் 0.33. அதை 9.81ஆலும் 3 மீட்டர் உயரத்தாலும் பெருக்குங்கள். பத்து பாஸ்கல்கூட முழுசாக வராது. அதாவது தண்ணீர் மட்டத்தில் 1 மில்லிமீட்டர். அடுப்பின் மொத்த மூச்சும் அதுதான்! குழாயில் ஒரு சடாரென்ற வளைவு, கொஞ்சம் கரி, எதிரே ஒரு காற்று, எது வந்தாலும் போதும், கதை முடிந்தது. இழுவிசை உயரத்தோடு கூடும். குழாய் சூடாக இருக்கும்வரைதான் இருக்கும். இதை நான் மூன்றாம் வருஷம் தேர்வில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். மார்க் கொடுத்த ஐயா இதோ முன்வரிசையில் இருக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா.

இரண்டாம் முறை நிதானமாகச் செய்தேன். முதலில் அடுப்பையே இடம் மாற்றினேன். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு அடுப்பு இருக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தவழ்ந்து வரும். விறகு அடுப்பு எங்கே இருக்கிறது? தரையில். தணலோடு காத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் எத்தனை வீட்டில் இரண்டும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றைக்குப் போனதும் மாற்றுங்கள். நாங்கள் கொல்லைப் பக்கம் ஓடு வேய்ந்த தனி அறை ஒன்றை விறகுக்கு ஒதுக்கினோம். சாய்ப்பில் ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டோம்.

புகைபோக்கியை இந்தத் தடவை செங்கல் கூண்டாகவே சுவரோடு எழுப்பி, உள்ளே சுட்ட மண் குழாயை இறக்கினோம். பழைய கல்நார்க் குழாய் ஒன்று சும்மா கிடக்கிறது, போடலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை அறுக்கும்போது வரும் தூசு விறகுப் புகையைவிடப் பொல்லாதது. ஓட்டைத் தாங்கும் சட்டமும் ரீப்பரும் கூண்டைத் தொடாமல் வெட்டி, இடைவெளியைத் தகரத்தால் மூடினோம். உயரத்துக்கு ஒரு நல்ல விதி உண்டு: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே போக வேண்டும், சுற்றி 10 அடிக்குள் முகடோ சுவரோ எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயர வேண்டும். தலையில் மழைக்கு ஒரு தொப்பி. அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு, கரியை வழிக்க. இந்தக் கதவுதான் எங்கள் பழைய அடுப்பில் இல்லாதது.

பாத்திர வாயையும் சொல்ல வேண்டும். முதல் அடுப்பில் ஒரே ஒரு பானையை அளந்து வாயை வெட்டியிருந்தேன். அம்மாவிடம் சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று. சின்னச் சட்டியை வைத்தால் சுற்றிலும் சந்து, அதன் வழியே புகை. இந்த முறை வார்ப்பு இரும்பில் இரண்டு வளையம் வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை என்ன செய்கிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

கட்டி முடித்ததும் உடனே பற்ற வைக்காமல் இரண்டு வாரம் நிழலில் காயவிட்டோம். பிறகு மூன்று நாள் சுள்ளித் தீ மட்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிப்பு விடும்.

இனி விறகு. ஈர விறகைப் போல ஒரு எதிரி கிடையாது. எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகு ஒரு கிலோவில் கிடைக்கும் சூடு, நன்றாகக் காய்ந்த ஒரு கிலோவில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. மீதி எங்கே போயிற்று? தண்ணீரே கொஞ்சம், அதை ஆவியாக்கக் கொஞ்சம். தீயும் குளிர்ந்துபோவதால் முழுசாக எரியாத தார் புகையோடு மேலே போய்க் குழாயில் ஒட்டுகிறது. அப்படி ஒட்டிய தார் என்றைக்காவது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். குளிர் நாடுகளில் எத்தனையோ வீட்டுத் தீ இப்படி ஆரம்பிக்கிறது. காய்ந்த விறகை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்கும், ஈர விறகு ‘தொப்’ என்று சொல்லும். அம்மாவுக்கு இதற்கெல்லாம் மீட்டர் தேவையில்லை. இப்போது மழைக்கு முன்பே வெட்டிப் பிளந்து, கட்டை விரல் மூன்று சேர்ந்த கனத்தில், காற்றாட அடுக்கி மேலே மட்டும் மூடி வைக்கிறார்கள். அடுப்பை அடைத்துத் திணிப்பதும் இல்லை. வாயில் பாதியாவது காற்றுக்கு விட வேண்டும்.

கோத்தகிரியில் வீடு கட்டியிருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவன், குளிருக்காக அறைக்குள் விறகு அடுப்பு வைத்தான். புகை உள்ளேயே சுற்றுகிறது என்று கூப்பிட்டான். ஜன்னல் எல்லாம் இறுக்க மூடி, அடுத்த அறையில் புகை இழுக்கும் மின்விசிறியையும் ஓடவிட்டிருக்கிறான்! அந்த 1 மில்லிமீட்டரை நினைத்துப் பாருங்கள். விசிறி புகைபோக்கியையே தலைகீழாக உறிஞ்சிவிடும். அதைவிட மோசம், தீ தணிந்த பிறகு. புகை தெரியாது, வாடை வராது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டிருக்கும். கதவை மூடிக்கொண்டு தணலோடு தூங்கப் போனவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை மலைப் பக்கம் குளிர்காலத்தில் படிக்கிறோம். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். அதற்கென்று எச்சரிக்கை மணி விற்கிறது, வாங்கி மாட்டு என்றேன். மாட்டினானா என்று சாப்பாட்டுப் பந்தியில் கேட்கிறேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

மற்றபடி உங்களுக்குத் தெரிந்ததுதான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள். நைலக்ஸ் புடவை முந்தானை தொங்காமல் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சாம்பலை மூடி போட்ட தகர டின்னில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘புகையில்லா அடுப்பு’ என்பது பெயரளவில்தான். புகை அறையைவிட்டு ஊருக்குள் போகிறது, அவ்வளவே. எல்லா வீட்டிலும் கேஸோ மின் அடுப்போ மலிவாகக் கிடைத்தால் நான் இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அம்மா இன்னும் மருந்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. வெள்ளையடித்து ஆறு மாதம் ஆகியும் சுவரில் அடுப்பு வாய்க்கு மேலே உள்ளங்கை அகலம்தான் கறுத்திருக்கிறது.

படத்தின் திருத்திய பிரதி ஒன்றை நம் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேண்டிய மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வாய் அளவை மட்டும் அவரவர் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

அமாவாசைக்கு அமாவாசை அடிக்கதவைத் திறந்து கரியை வழிப்பது என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வழித்த கரியைப் படியால் அளந்து எனக்குப் போன் வரும். ஐப்பசியில் முக்கால் படி வந்தது, விறகு நனைந்துவிட்டதாம். போன அமாவாசைக்குக் கால் படிதான்.