பூக்காத ஆர்க்கிட்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் நிறைவாகப் பாராட்டிவிட்டார். ஆகவே நான் ஒரு பூச்செடியைப் பற்றிப் பேசுகிறேன்.

சீனப் பெருநாள் சமயத்தில் குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும் கடைக்குக் கடை ஆர்க்கிட் விற்பார்களே, வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி, அதுதான். ஃபெலனாப்சிஸ் என்று பெயர். ஒரு நாள் சம்பளத்தைப் போட்டு ஆசையாக வாங்கி வந்து டிவி பக்கத்தில் வைக்கிறோம். இரண்டு மாதம் பூ நிற்கும். உதிர ஆரம்பித்ததும், "ஐயையோ, செடி வாடுதே"ன்னு தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். அப்புறம் செடியும் போய்விடும். நானே அப்படி இரண்டு செடிகளைக் கொன்றவன்தான்.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது சுலபம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்குமே புறா ஆர்க்கிட், பார்த்திருப்பீர்கள். அதற்கு மண் கிடையாது. புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் கிடையாது. வேரைக் காற்றில் விட்டு, மழை வந்தால் குடிக்கும், வெயில் வந்தால் காய்ந்து கிடக்கும். கடைச் செடியும் அந்தக் குலந்தான். வேர் எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

ஆகவே மண் வேண்டாம். ஓட்டை நிறைந்த சட்டியில் அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். (மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, கறை நீரைக் கொட்டிவிடுங்கள்.) வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, சும்மா விடுங்கள். வெள்ளி போல வெளுத்தால் தாகம். காலையில் பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் நன்றாக நனைத்து வடிய விடுங்கள். நடுக்குருத்தில் மட்டும் நீர் தேங்கக்கூடாது. குருத்து அழுகினால் செடி தேறுவது கஷ்டம்.

பூக்க வைப்பதுதான் பெரும்பாடு. புறா ஆர்க்கிட், பெருமழை பெய்த ஏறக்குறைய ஒன்பதாம் நாள் ஊரெங்கும் ஒன்றாகப் பூத்து, இருட்டுவதற்குள் வாடும். அதற்குக் காரணம் மழைநீரன்று, திடீர்க் குளிர்ச்சியே என்று 1926-இல் ஜாவாவில் கோஸ்டர் என்ற டச்சு அறிஞர் எழுதினார். கடைச் செடிக்கும் குளிர்ச்சிதான் தேவை. ஆனால் அதற்கு ஒரு மழை போதாது. பல வாரங்கள் 28 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பூந்தண்டு விடும். கேமரன் மலையில் அது இயற்கை. நம் ஜொகூரிலோ பகலில் 32 டிகிரி! செடிமேல் குற்றமில்லை, நம் கைமேலும் குற்றமில்லை. அடைத்த அறையிலிருந்து அஞ்சடிக்குக் கொண்டு வாருங்கள். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை விடாமழை பிடித்துக் குளிர்ந்தால் தண்டு வரலாம், வராமலும் போகலாம்.

அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் வியோலேசியா என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். மலாயாக் காட்டின் சொந்தச் செடி. நம் வெக்கையிலேயே பூக்கும், வாசமும் உண்டு. காட்டில் போய்ப் பிடுங்காதீர்கள், நாற்றுப் பண்ணையில் வளர்த்ததையே வாங்குங்கள். இன்னொன்று, பிள்ளைகளே: அதில் பூ உதிர்ந்ததும் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்டு பச்சையாக இருக்கும்வரை அடுத்த மொட்டு அதே தண்டில்தான் வரும்.