கிவிக்குப் பெயர் வந்த கதை

கிவிப் பழம் பிறந்த மண் நியூசிலாந்து இல்லை, சீனா. அங்கே மலைக்காட்டில் தானாகப் படரும் கொடி அது. 1904-ல் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து அதன் விதைகளை நியூசிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அதை 'சைனீஸ் கூஸ்பெர்ரி' என்று அழைத்தார்கள். 1959-ல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தவர்கள் வேறு பெயர் தேடினார்கள். 'மெலனெட்' என்று வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலோ மெலனுக்கும் வரி, பெர்ரிக்கும் வரி! அதனால் தங்கள் நாட்டுப் பறவையான கிவியின் பெயரைச் சூட்டினார்கள். பறவையும் பழுப்பு, பழமும் பழுப்பு. அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். பொருத்தம் உண்மைதான். ஆனால் பெயரைத் தேட வைத்தது வியாபாரம்.

சீனாவின் பழத்துக்கு நியூசிலாந்து பெயர் வைக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழம் சீனாவுடையது, அதை மறைக்கவே கூடாது. ஆனாலும் உழைத்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஹேவர்ட் ரைட் என்ற நியூசிலாந்துக்காரர் நாற்றுகளிலிருந்து பெரிய, சுவையான பழம் தரும் கொடியைத் தேர்ந்தெடுத்தார். நம் வீட்டில் நல்ல காயை விதைக்கு விடுவதுபோல. அந்தப் பழம் பறித்த பிறகும் நெடுநாள் கெடாமல் இருந்தது. அதனால்தான் கப்பலேறிக் கடல் கடந்தது. கடைகளில் நாம் பார்க்கும் பச்சைக் கிவியில் பெரும்பாலானவை அந்த ஹேவர்ட் ரகம்தான்.