சைலன்சர் ஒட்டு: எதை விடலாம், எதை விடக்கூடாது

செயின்ட்-மிஷேலில் இருக்கும் எங்களுக்குக் கறளைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நகரம் அள்ளுகிற பனியைக் கொட்டும் பிராங்கோன் கற்குழி எங்கள் பக்கத்திலேதான் இருக்கிறது. றோட்டில் போட்ட உப்பும் அந்தப் பனியோடு அங்கே வந்து சேர்கிறது. மிச்சம் எங்கள் கார்களின் அடியில்.

கராஜில் காரைத் தூக்கி, புதிதாக வெல்டிங் செய்த புகைக்குழாயைக் காட்டினால், ஒட்டு மீன் செதில் மாதிரி வரிவரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அழகு நல்லதுதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. உருகிய உலோகம் குழாயோடு கலந்து சரிவாக இறங்கியிருக்க வேண்டும். பிசின் உருண்டை போல மேலே குந்திக்கொண்டிருந்தால் அது பிடிக்கவேயில்லை. ஓரத்தில் குழாயைக் கடித்தது போலப் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் தகடு மெலிந்துவிட்டது. குழாய்த் தகடே ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். இஞ்சின் நடுக்கத்தில் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஊசித்துவாரத்தையும் விடக்கூடாது. தெறித்து ஒட்டிய சின்ன மணிகள், கொஞ்சம் கோணலான வரி இவையெல்லாம் கண்ணுக்குத்தான் குறை.

ஒட்டுக்குப் பக்கத்தையும் பாருங்கள். அலுமினியம் பூசிய குழாயென்றால் வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்து வெறும் இரும்பு தெரியும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ற் அடிக்காவிட்டால் ஒட்டு நன்றாயிருக்கும், பக்கத்துக் குழாய் உக்கிப்போகும்.

இதற்கு மாறான கதையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சைலன்சரின் அடியில் இருந்த சிறு துளையைக் காட்டி, ஓட்டை விழுந்துவிட்டது, முழுவதும் மாற்றவேண்டும் என்று காசு வாங்கிவிட்டார்கள். பல சைலன்சர்களில் அது தண்ணீர் வடிவதற்கென்றே கம்பெனி போடுகிற துளை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடுகிற காரில் அது ஆவியாகாமல் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். அதேபோல 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் 11 வீதம் அளவுதான். மேலே மண்ணிறம் படிவது இயல்பு. கார் ஆறியபின் ஸ்குறூட்றைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

ஒரு ஊசித்துவாரத்துக்கு இவ்வளவு கதையா என்று கேட்பீர்கள். அது இஞ்சினுக்குக் கிட்ட, ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் ஏமாந்து பெற்றோலைக் கூட்டச் சொல்லும். குளிரில் ஸ்ராட் பண்ணியவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேற அடங்கினால் அந்தப் பக்கம்தான் சந்தேகம். காருக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு: காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. கண்ணாடிகளை மூடி ஹீற்றர் போட்டு ஓடும்போது பின் சீற்றில் பிள்ளைகளுக்குத் தலையிடி, சத்தி வந்தால் குளிரென்று பாராமல் கண்ணாடியை இறக்கி, காரை நிறுத்தி இறங்குங்கள். சோதிக்காமல் திரும்ப ஓடவேண்டாம்.

காசு கொடுக்குமுன் ஒரு விஷயம். கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 100 டொலருக்கு மேற்பட்ட திருத்த வேலைக்கு கராஜ் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். எழுதித் தரத் தேவையில்லை என்று அவர்கள் நீட்டுகிற தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். செய்த வேலைக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகம் வேண்டுமென்று வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் சைலன்சரைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கறள் சலசலத்தால் மாற்றியது சரி. சத்தமில்லை, தகடும் உறுதி, அடியில் அந்த ஒரு சிறு துளை மட்டும்தான் என்றால், பில்லோடு திரும்பிப் போய்க் கேளுங்கள்.